பரணா, அறையா? கவுன்சில் வரி ‘டி’யிலிருந்து ‘ஈ’க்கு ஏறிய ஒரு வீட்டின் கதை

பின்னணி

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் இரண்டு மணி நேரம், வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு வந்த அலுவலகக் கடிதங்களைப் படித்துச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. நான் வழக்கறிஞன் அல்ல. கணக்கு வேலை பார்ப்பவன். இந்த வீட்டு விவகாரம் என் கைக்கு வந்ததும் அந்தத் தாழ்வாரத்தில்தான்.

குடும்பத்தில் நான்கு பேர். கணவர் பஸ் ஓட்டுகிறார், மனைவி முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்கிறார், இரண்டு பிள்ளைகள். லண்டனுக்கு வெளியே, ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள நகரம் ஒன்றில் 2023 ஆகஸ்டில் வீடு வாங்கினார்கள். 1930களில் கட்டிய, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய, மூன்று படுக்கையறை வீடு. பழைய உரிமையாளர் சமையலறையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தார். மேலே பரணில் பலகை அடித்து, கம்பளம் விரித்து, கூரையில் ஒரு கண்ணாடி சன்னலும் வைத்திருந்தார். வீட்டின் மதிப்பை வைத்து உள்ளாட்சி மன்றம் வசூலிப்பது கவுன்சில் வரி. அந்த மதிப்புப் படிக்குப் பெயர் ‘பேண்ட்’. வீடு விற்பனைக்கு வந்தபோது கவுன்சில் வரி ‘டி’ பேண்ட் என்று விளம்பரத்தில் இருந்தது. மாதச் செலவுக் கணக்கை அதை நம்பித்தான் போட்டார்கள்.

வந்த கடிதம்

2024 மே மாதம், வீட்டு மதிப்பீட்டைக் கவனிக்கும் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முந்தைய உரிமையாளர் வீட்டை விரிவுபடுத்தியிருப்பதாலும், அதன் பிறகு வீடு கைமாறியிருப்பதாலும் பேண்ட் ‘டி’யிலிருந்து ‘ஈ’க்கு மாற்றப்படுகிறது என்பதுதான் செய்தி. இரண்டு வாரம் கழித்து கவுன்சிலிலிருந்து புதிய பில் வந்தது. வரியாண்டின் நடுவில் வந்ததால் கூடுதல் தொகை முழுவதும் மிச்சமிருந்த தவணைகளின் தலையில் ஏறியது. மாதத்துக்கு ஏறத்தாழ 60 பவுண்டு கூடுதல்.

“அண்ணா, இது எங்களுக்கு வந்த கடிதமா, பழைய ஆளுக்கு வந்ததா? நாங்கள் ஒரு செங்கல்கூட வைக்கவில்லையே” என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. பதில்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

விதி இப்படி. இங்கிலாந்தில் ஒருவர் தன் வீட்டை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும், அவர் அங்கே இருக்கும்வரை அதற்காகப் பேண்டை உயர்த்த மாட்டார்கள். பட்டியலில் அந்த வீட்டுக்கு எதிரே ‘மேம்பாட்டுக் குறி’ ஒன்றைப் போட்டு வைப்பார்கள். வீடு விற்கப்பட்டால், அல்லது ஏழு ஆண்டுக்குக் குறையாத குத்தகைக்கு விடப்பட்டால், அப்போதுதான் மறுபரிசீலனை. கட்டியவர் போய்விடுவார், கடிதம் வாங்கியவருக்கு வரும். ஆகவே கடிதம் வந்ததில் தவறில்லை. அதில் எழுதியிருந்தது சரியா என்பதே கேள்வி.

வீணான வாரங்கள்

என்னிடம் வருமுன்பே மூன்று வாரம் போய்விட்டிருந்தது. கணவர் கவுன்சிலுக்கு நான்கு முறை தொலைபேசியில் பேசியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: நாங்கள் பில் போடுகிறோம், வசூலிக்கிறோம், பேண்டைத் தீர்மானிப்பது நாங்கள் இல்லை. அவர்கள் சொன்னது சரி. நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் தட்டும் கதவு இதுதான்.

கோபத்தில் அவர் வங்கியிலிருந்து தவணை தானாகப் போகும் டைரக்ட் டெபிட்டையும் நிறுத்திவிட்டார். ஜூலையில் நினைவூட்டல் கடிதம் வந்தது: ஏழு நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தவணையாகக் கட்டும் உரிமை போய், ஆண்டின் மிச்சத் தொகை முழுவதும் ஒரேயடியாகக் கேட்கப்படும். அதற்கும் மேல் நீதிமன்ற அழைப்பாணையும் அதன் செலவும். பேண்டை எதிர்த்து விண்ணப்பித்திருந்தாலும், முடிவு வரும்வரை புதிய பில்லின்படி கட்டித்தான் ஆக வேண்டும். வென்றால் கூடுதலாகக் கட்டியது திரும்பி வரும். அன்று மாலையே கட்டச் சொன்னேன், கட்டினார்.

இதற்கு நடுவில் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. பேண்டைக் குறைத்துத் தருகிறோம், கிடைப்பதில் ஒரு பங்கு எங்களுக்கு என்றார்கள். விண்ணப்பிக்க ஒரு பென்னிகூட கட்டணமில்லை, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலும் கட்டணமில்லை. மறுத்துவிட்டார்கள்.

1991இன் விலை

இந்த வரியின் அடிப்படையைப் புரிந்துகொள்ளாமல் வாதாடுவது சுவரில் முட்டிக்கொள்வது போன்றது. கவுன்சில் வரி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இங்கிலாந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பார்க்கப்படுவது 1991 ஏப்ரல் 1 அன்று அது சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பது. 2023இல் நீங்கள் கொடுத்த விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 1991க்குப் பிறகு கட்டிய வீட்டுக்கும் இதே தேதிதான். வேல்ஸில் 2003ஆம் ஆண்டு விலையை அடிப்படையாக்கி மறுமதிப்பீடு செய்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இன்னும் செய்யவில்லை.

‘ஏ’ முதல் ‘எச்’ வரை எட்டுப் படிகள். நமக்கு வேண்டியவை இரண்டு: ‘டி’ என்பது 68,001 முதல் 88,000 பவுண்டு வரை, ‘ஈ’ என்பது 88,001 முதல் 1,20,000 வரை. ‘டி’ வீட்டுக்காரர் 9 பங்கு கட்டினால் ‘ஈ’ வீட்டுக்காரர் 11 பங்கு கட்ட வேண்டும், அதாவது சுமார் 22 விழுக்காடு அதிகம். 2024-25இல் இங்கிலாந்தின் சராசரி ‘டி’ வரி 2,171 பவுண்டு. அதே கணக்கில் ‘ஈ’ 2,653. இந்தக் குடும்பத்தின் பில்லும் இந்தத் தொகைகளை ஒட்டித்தான் இருந்தது.

எனவே “எங்களால் கட்ட முடியவில்லை” என்பதும் “சேவை சரியில்லை” என்பதும் இங்கே எடுபடாது. இப்போது இருக்கும் உருவத்தில் இந்த வீடு 1991 ஏப்ரலில் 88,000ஐத் தாண்டியிருக்குமா? கேள்வி இது ஒன்றுதான்.

முதல் விண்ணப்பமும் என் பிழையும்

பேண்ட் மாற்றிய அறிவிப்பு வந்த ஆறு மாதத்துக்குள் முறைப்படி எதிர்க்கலாம். காலம் இருந்தது. ஆனால் நான் அவசரப்பட்டேன்.

விண்ணப்பத்தில் ஒத்த வீடுகள் ஐந்தின் முகவரிகளைத் தரலாம். கணவர் அந்தத் தெருவில் நடந்து போய், பின்பக்கம் இழுத்துக் கட்டிய வீடுகளாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். அரசின் இணையதளத்தில் ஒவ்வொன்றின் பேண்டையும் பார்த்தோம். ஐந்தும் ‘டி’. இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்து ஜூலை நடுவில் அனுப்பிவிட்டோம்.

செப்டம்பரில் மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து அலுவலர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மரியாதையாகவே பேசினார். ஐந்தில் நான்கு வீடுகள் விரிவுபடுத்திய பிறகு விற்கப்படவே இல்லை என்றார். அவற்றின் பேண்ட் பழைய நிலையில் நிற்பதற்குக் காரணம் விலை அல்ல, உரிமையாளர் மாறாததுதான். இணையதளத்தில் பேண்டுக்குப் பக்கத்திலேயே மேம்பாட்டுக் குறி ‘உண்டு’ என்று இருந்தது. நாங்கள் இருவரும் ‘டி’ என்ற எழுத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அந்த வரியைப் படிக்கவே இல்லை. ஐந்தாவது வீடு இதைவிடச் சிறியது. ஆக, எங்கள் சான்று முழுவதும் ஒரே அழைப்பில் காற்றில் போனது.

ஆனால் அந்த அழைப்பில் இன்னொன்றும் கிடைத்தது. எந்த அளவுகளை வைத்து ‘ஈ’ என்று முடிவு செய்தீர்கள் என்று மனைவி கேட்டார். அவர் கேட்டிருக்காவிட்டால் இந்த வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். சமையலறை நீட்சி சுமார் 10 சதுர மீட்டர், மேல்தளத்தில் நான்காவது அறை 18 சதுர மீட்டர் என்று அலுவலர் படித்துச் சொன்னார்.

நான்காவது அறையா? அந்த வீட்டில் மூன்றுதானே?

பரணை அளந்த நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கே போனேன். மாடி நடையில் கூரையில் ஒரு சதுர மூடி. கொக்கியை மாட்டி இழுத்தால் அலுமினிய ஏணி மடிப்பு மடிப்பாக இறங்கும். முதலில் கணவர் ஏறினார், பிறகு நான். மேலே பெட்டிகள், பிள்ளைகளின் பழைய மிதிவண்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு. முகட்டுக்கு நேர் கீழே நின்றபோது தலை இடிக்கவில்லை. பக்கவாட்டில் ஓரடி வைத்ததும் குனிய வேண்டியிருந்தது.

அளவு நாடா வைத்து அளந்தோம். முகட்டில் உயரம் 1.95 மீட்டர். சாய்வு கீழே இறங்க இறங்க, 1.5 மீட்டர் உயரம் கிடைக்கும் பகுதி நடுவில் ஒரு மீட்டர் சொச்சம் அகலமுள்ள பட்டையாகத்தான் இருந்தது. நீளம் 4.6 மீட்டர். மொத்தம் 5 சதுர மீட்டர். தரையில் பலகை அடித்த பரப்பு முழுவதையும் சேர்த்தால்தான் 18 வரும். 1.5 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள இடத்தைத் தளப்பரப்பில் சேர்ப்பதில்லை. நிலையான படிக்கட்டு கிடையாது, வெப்பமூட்டி கிடையாது. நம் மொழியில் இதற்குப் பெயர் பரண்.

பிறகு எங்கிருந்து வந்தது ‘அறை’? மனைவி தன் கைப்பேசியில் வைத்திருந்த பழைய விளம்பரத்தைத் திறந்தார். வீட்டு முகவர் போட்ட தரைப்படத்தில் மூன்றாவது தளம் என்று ஒரு கட்டம். அதில் ‘லாஃப்ட் ரூம்’ (பரண் அறை) என்று எழுதி நீள அகலமும் கொடுத்திருந்தார். கீழே பொடி எழுத்தில், உயரம் குறைந்த பகுதியும் அடக்கம் என்று ஒரு குறிப்பு. பெருக்கிப் பார்த்தோம். 18தான். வீட்டைக் கவர்ச்சியாகக் காட்ட முகவர் போட்ட ஒரு சொல், வாங்கியவரின் வரிப் பதிவில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

அதற்கு மாறான சான்றும் வீட்டிலேயே இருந்தது. வீடு வாங்கும்போது, விற்பவர் தன் வீட்டைப் பற்றி எழுத்தில் பதில் சொல்லும் படிவம் ஒன்று உண்டு. வீடு வாங்கும் வேலையைப் பார்த்த சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அனுப்பிய கோப்பில் அது அப்படியே கிடந்தது. பரணை வசிக்கும் அறையாக மாற்றியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு, இல்லை, பொருள் வைக்க மட்டும் என்று விற்றவர் கையெழுத்திட்டிருந்தார். கட்டட விதிகளின்படி பரணுக்கு நிறைவுச் சான்றிதழும் இல்லை. சமையலறைக்கு மட்டும் இருந்தது. சான்றிதழ் இல்லையே என்று வாங்கும்போது கவலைப்பட்ட அதே குறை இப்போது கைகொடுத்தது.

பக்கத்து வீட்டுத் தகரப் பெட்டி

பரணை நீக்கினால் மட்டும் போதுமா? சமையலறை நீட்சி உண்மை. அதைச் சேர்த்தும் 88,000க்குள் நிற்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு 1991ஐ ஒட்டிய உண்மையான விற்பனை விலை வேண்டும். 1989 ஏப்ரல் முதல் 1993 மார்ச் வரையிலான விற்பனைகளைச் சான்றாக ஏற்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நிலப் பதிவகம் இலவசமாக வெளியிடும் விலைப்பட்டியல் 1995இலிருந்துதான் தொடங்குகிறது. இணையதளங்களில் கிடைக்கும் சராசரி விலைக் குறியீடுகளை வைத்து இன்றைய விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவதை ஏற்பதில்லை.

சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் தனியாக இருக்கிறார். அந்த வீடும் இதே அச்சு. ஆனால் எதுவும் கட்டப்படாதது, ‘டி’ பேண்ட். அவரிடம் கேட்கலாமா என்று கணவர் தயங்கினார். கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றேன்: ஒரு வீட்டைக் காட்டி வாதாடினால் அந்த வீட்டின் பேண்டையும் அலுவலகம் திரும்பிப் பார்க்கக்கூடும், ஏற்றவும் கூடும். மனைவி அதை மறைக்காமல் அவரிடம் சொன்னார்.

அவர் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். காலமான கணவரின் பணிச் சான்றுகளுக்கு அடியில், நான்காக மடித்து, 1990 அக்டோபரில் அவர்கள் வீடு வாங்கியபோது சொலிசிட்டர் கொடுத்த கணக்குத் தாள் இருந்தது. விலை 76,500 பவுண்டு. மடிப்பில் கிழிந்துவிடாதபடி மேசையில் வைத்தே படம் எடுத்துக்கொண்டோம்.

அந்தத் தாளை வைத்து நான் போட்ட கணக்கு மிக எளிது. இழுத்துக் கட்டாத வீடு 85 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 900 பவுண்டு. சமையலறை நீட்சி 3 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது 10.2 சதுர மீட்டர். அதே விகிதத்தில் முழு விலை கொடுத்தாலும் 9,180. கூட்டினால் 85,680, ‘டி’க்குள் நிற்கிறது. பரணை 18 சதுர மீட்டர் அறையாகச் சேர்த்தால் இன்னொரு 16,200 ஏறி 1,01,880 ஆகிறது, ‘ஈ’. மதிப்பீட்டாளர் இப்படிக் கோடு போட்டாற்போல் பெருக்கிக் கணக்கிடுவதில்லை என்பது தெரியும். ஆனால் பேண்டைத் தூக்கியது பரண்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

இரண்டாவது சுற்று

இம்முறை ஒத்த வீடுகளைத் தேடும்போது இரண்டு நிபந்தனை வைத்தோம். பின்பக்கம் கட்டியிருக்க வேண்டும். கட்டிய பிறகு விற்றிருக்க வேண்டும். விற்ற தேதி நிலப் பதிவகப் பட்டியலில் கிடைத்தது. கட்டிய தேதிதான் தொல்லை. சிறிய பின்பக்க நீட்சிகளுக்குப் பெரும்பாலும் திட்ட அனுமதியே தேவைப்படாது என்பதால், கவுன்சிலின் திட்ட அனுமதிப் பதிவேட்டில் பாதி வீடுகள் இல்லை. பழைய விற்பனை விளம்பரப் படங்களைப் பார்த்து, விற்கும்போதே நீட்சி இருந்ததா என்று உறுதி செய்தோம். இரண்டு வார இறுதிகள் போயின.

அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக, சமையலறை மட்டும் நீட்டி அதன்பின் விற்கப்பட்ட வீடுகள் மூன்று கிடைத்தன. மூன்றும் ‘டி’, மேம்பாட்டுக் குறி ‘இல்லை’. பரணை முறையாக அறையாக்கி அதன்பின் விற்கப்பட்டவை இரண்டு, இரண்டும் ‘ஈ’. ‘ஈ’ வீடுகளையும் சேர்த்தே அனுப்பினோம். அது நமக்கு எதிராகாதா என்று கணவர் கேட்டார். கோடு எங்கே விழுகிறது என்பதை அந்த இரண்டுதான் காட்டுகின்றன என்றேன்.

அக்டோபர் தொடக்கத்தில் அனுப்பியவை: பரணின் அளவுகளும் ஏணியும் தெரியும் ஆறு படங்கள், விற்றவரின் படிவம், சமையலறையின் நிறைவுச் சான்றிதழ், அம்மையாரின் கணக்குத் தாள், ஐந்து வீடுகளின் அட்டவணை, ஒரு பக்கக் கடிதம். கணவர் எழுதி வைத்திருந்த நான்கு பக்கக் குமுறலை அனுப்பவில்லை. அதில் உண்மை இருந்தது, சான்று இல்லை.

முடிவு

நவம்பரில் கடிதம் வந்தது. மேல்தளத்தை வசிப்பறையாகக் கணக்கில் கொண்டது திருத்தப்படுகிறது. பேண்ட் ‘டி’யாகவே இருக்கும். மாற்றம் நடைமுறைக்கு வந்த தேதியிலிருந்தே திருத்தமும் செல்லும். தீர்ப்பாயம்வரை போக வேண்டியிருக்கவில்லை. போவதென்றால் முடிவு வந்த மூன்று மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால் தேதியைக் குறித்து வைத்திருந்தோம். கவுன்சில் புதிய பில் அனுப்பியது. கூடுதலாகக் கட்டியதை மிச்சத் தவணைகளில் கழித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அம்மையாரின் பேண்ட் மாறவில்லை.

இதைக் கேள்விப்பட்டு அதே தெருவில் இன்னொரு குடும்பம் வந்தது. அவர்களுக்கும் ‘டி’யிலிருந்து ‘ஈ’. போய்ப் பார்த்தேன். நிலையான மரப்படிக்கட்டு, கூரையை முன்னுக்குத் தள்ளிக் கட்டிய சன்னல், மேலே குளியலறை. விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் அழைப்பே மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும், அதுவும் “எந்த அளவுகளை வைத்து?” என்ற கேள்வியோடு. அந்தக் கேள்வி கடைசியில்தான் எழுந்தது. அதையும் நான் கேட்கவில்லை. ஒத்த வீடுகளைத் தேடுமுன் மேம்பாட்டுக் குறியைப் பார்த்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அதைவிட முன்னால், வீடு வாங்கும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் குறி ‘உண்டு’ என்று தெரிந்திருக்கும். பேண்ட் ஏறக்கூடும் என்று சொலிசிட்டரும் சொல்லவில்லை, முகவரும் சொல்லவில்லை. வாங்குகிறவர் அரை நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது தாழ்வாரத்தில் யாராவது வீடு பார்க்கிறோம் என்றால், பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்பதற்கு முன் நான் இதைத்தான் கேட்கிறேன்.

தை பிறந்த பிறகு கணவர் மீண்டும் வந்தார். பிள்ளைகள் வளர்கிறார்கள், பரணை ஒழுங்காக அறையாகவே கட்டிவிடலாமா, கட்டினால் பேண்ட் ஏறுமா என்று கேட்டார். நீங்கள் விற்கும்வரை ஏறாது என்றேன். கணவர் தலையாட்டினார். வாங்க வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்றார் மனைவி.